கம்ப்யூட்டருக்கும் பல் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கிறேன். காலையில் உங்கள் பேப்பர் வந்ததும் நான் முதலில் பிரிப்பது வரி விளம்பரப் பக்கத்தைத்தான். இந்தக் கடிதமும் அந்தப் பக்கத்தைப் பற்றியதுதான்.

2025 ஓணத்துக்கு முன்னால் அங்கே ஒரு கட்டம் வந்தது: 'ஐ7 கேமிங் கம்ப்யூட்டர், 4 ஜிபி கிராபிக்ஸ், ரூ.16,500 மட்டும்'. ஒன்பதாவது படிக்கும் என் மகன் ஒரு வருஷமாக வாலரண்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஐ7 என்றால் பெரிசு என்று நான்கூட கேள்விப்பட்டிருக்கிறேன், சரி என்று அவனையும் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ் ஏறிவிட்டேன். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு ஃபேன் சிவப்பும் நீலமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பையன் முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் பேரம்கூடப் பேசவில்லை. பில் வேண்டாம் என்றால் ஆயிரம் குறைப்பதாகச் சொன்னார்கள், அதற்கும் தலையாட்டினேன். என் கடையில் பில் இல்லாமல் ஒரு மூட்டை இறங்காது, அன்றைக்கு மட்டும் என்ன புத்தியோ.

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் விளையாட்டை டவுன்லோடு செய்து திறந்தால் 'வான் 9001' என்று திரையில் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றது. மறுபடி திறந்தால் மறுபடி அதே செய்தி. கடைக்குப் போன் போட்டால், "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம் சார், நெட் ஸ்பீடைப் பாருங்க" என்றார்கள். மகன் ஒன்றும் சொல்லவில்லை, ஃபேன் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

பாலக்காட்டில் என்ஜினீயரிங் படிக்கும் என் அண்ணன் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டியைத் திறந்தான். "சித்தப்பா, பொள்ளாச்சிச் சந்தையில மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காம வாங்குவீங்களா? இதுக்கும் பல் இருக்குதுங்க" என்று சொல்லி, கம்ப்யூட்டரின் மூளையான இன்டெல் பிராசசரின் எண்ணைக் காட்டினான்: ஐ7-3770. அந்த நாலு இலக்கத்தில் முதல் இலக்கம்தான் வயசு சொல்லும் பல். 3 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது, அதாவது என் மகன் பிறந்த வருஷத்துச் சரக்கு. பத்தாம் தலைமுறையிலிருந்து எண் ஐந்து இலக்கமாகிவிடும், அப்போது முதல் இரண்டைப் பார்க்க வேண்டும்: 12400 என்றால் பன்னிரண்டாவது. ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே ஈற்றில் பிறந்தவற்றுக்குள் எது பெரிசு என்று சொல்வது மட்டும்தான். புது ஐ3-யிடம் கிழட்டு ஐ7 தோற்றுப்போகும்.

விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் அதிகாரபூர்வமாக ஏறாது. டிபிஎம் 2.0 என்று ஒரு பாதுகாப்பு வசதி வேண்டும். கடைக்காரர் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஓட அந்த டிபிஎம் இருந்தே தீர வேண்டும், நாங்கள் பார்த்த 'வான் 9001' செய்தி அதைத்தான் சொன்னது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அலுவலகங்கள் கழித்துக் கட்டுகிற பழைய பெட்டிகளுக்கு விளக்கு மாட்டி 'கேமிங்' என்று விற்க இதைவிட நல்ல சமயம் அவர்களுக்குக் கிடைக்காது.

அந்த '4 ஜிபி கிராபிக்ஸ்' இன்னொரு கதை. திரையில் படத்தை வரைந்து காட்டும் ஜிடி 730 என்ற அட்டை, 2014-இல் வந்தது. 4 ஜிபி என்பது அதன் மெமரி, அதாவது குடோன் அளவு. மூட்டை தூக்க ஆள் ஒருத்தன்தான், அவனும் நோஞ்சான் என்றால் குடோன் எவ்வளவு பெரிசாக இருந்து என்ன?

கிடைத்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டு, பொங்குகிற மனசை அடக்கிக்கொண்டு, தீபாவளிக்குள் புதிதாகவே ஒன்று சேர்த்தோம். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசசர், 2021 மாடல். கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, அதுவே அந்த ஜிடி 730-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பணம் சேரும்போது தனி அட்டை போட்டுக்கொள்ளலாம். (இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, அட்டை வாங்காமல் திரையில் படமே வராது. இதில் ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.) ராம் என்கிற மெமரி 16 ஜிபி, அதை ஒரே பட்டையாக வாங்காமல் 8-ம் 8-ம் என்று இரண்டாக வாங்கச் சொன்னான் அண்ணன் மகன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ராமிலிருந்துதான் குடிக்கிறது, ஆழியாற்றுத் தண்ணீர் ஒரு மடையில் வருவதற்கும் இரண்டு மடையில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்க்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டும் கேபினட்டோடு இலவசமாக வருவதை வாங்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றான், அது புகைந்தால் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுமாம். பழைய மானிட்டர் வீட்டில் இருந்தது. மொத்தம் 28 ஆயிரத்துச் சொச்சம், பில்லோடு. அதற்கப்புறம் ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் ராம் விலை எகிறிவிட்டது, இன்று அதே பெட்டி அந்தக் காசுக்கு வராது.

எல்லை தாண்டினால் விலை குறையும் என்ற நினைப்பும் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலைக்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு இங்கேயும் அங்கேயும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டிதான். கோவையில் கடைகள் அதிகம், விலை கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பாடத்துக்கு என்றால் இந்தச் செலவே வேண்டாம்: கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பது விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸில், அது இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும். ஆனால் வாலரண்ட் அதில் ஓடாது. அதனால்தான் சொல்கிறேன், பெட்டியைப் பார்க்கும் முன்னால் பிள்ளையிடம் எந்த விளையாட்டு என்று கேளுங்கள். மைன்கிராஃப்ட் போதும் என்று சொன்னால் பாதிச் செலவு மிச்சம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் விற்கும் தீவன மூட்டையில் புரதம் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும், பத்து ரூபாய் பிஸ்கட்டில் தயாரித்த மாதம் போட்டிருக்கும். பழைய கம்ப்யூட்டர் விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம், பிராசசரின் முழு எண்ணும் கிராபிக்ஸ் அட்டையின் பெயரும் இல்லாமல் வாங்க மாட்டோம் என்று உங்கள் விளம்பரப் பிரிவில் சொல்லுங்கள். 'ஐ7' என்ற இடத்தில் 'ஐ7-3770' என்று போட்டால் கூடுதலாக நாலு எழுத்து. அந்த நாலு எழுத்துக்கு ஆகும் காசை வேண்டுமானால் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தீவனக் கடைக்காரன்,
கொழிஞ்சாம்பாறை.