பொன்னாடைக்குப் பதில் ஒரு கடிதம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெரியோர், தாய்மார், இளைஞர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை நம் பொதுநலச் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தெருவிளக்கு, வாறுகால், பேருந்து நிறுத்த நிழற்கூரை பற்றிய மனுக்கள் வழக்கம்போல் போயின. சிலவற்றுக்குப் பதில் வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. அந்தப் பட்டியல் வாசலில் ஒட்டப்பட்டிருக்கிறது, இங்கே வாசித்து நேரத்தைக் கழிக்க விரும்பவில்லை. இந்த ஆண்டு நாம் புதிதாக எடுத்துச் செய்த வேலை ஒன்றுதான். நம் ஊருக்கு வேலை பார்க்கும் அரசுப் பணியாளர்களைப் பாராட்டும் முறையை மாற்றினோம். அறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

இதுவரை ஆண்டுவிழா மேடையில் பொன்னாடை, கேடயம், போட்டோ என்று முடித்துவிடுவோம். அதில் மூன்று சிக்கல். தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973-இன்படி, ஒரு பணியாளர் தமக்காக நடத்தும் பாராட்டுக் கூட்டத்தில் கலந்துகொள்ளவும் பரிசு வாங்கவும் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி தேவை. நாம் ஆசையாகக் கொடுக்கும் கேடயம் அவருக்கே வம்பாக முடியலாம். இரண்டாவது, மேடைக்கு வருபவர் பெரும்பாலும் அதிகாரி. வேலை பார்த்தவர் அந்த நேரத்தில் கம்பத்தில் நிற்பார், இல்லையென்றால் அடுத்த ஊர் முகாமில் இருப்பார். மூன்றாவது, பொன்னாடை கோப்பில் ஏறாது. சுதந்திர தினத்திலும் குடியரசு தினத்திலும் மாவட்ட ஆட்சியர் கையால் வழங்கப்படும் நற்சான்றிதழுக்குப் பெயர்களைத் துறைத் தலைவர்கள்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் மேசையில் இருக்க வேண்டியது ஒரு கடிதம்.

ஆகவே மேடையை நிறுத்தினோம், கடிதம் எழுத ஆரம்பித்தோம். எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒருவர் செய்யும் வேலை எப்படிச் சரியாக நடக்கும், எங்கே கெடும் என்று தெரியாமல் அவரைப் பாராட்டி நான்கு வரி எழுத முடியவில்லை. ‘கடமை தவறாதவர், கனிவானவர்’ என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அதனாலேயே அதை யாரும் படிப்பதில்லை.

உதாரணத்துக்கு, மின்வாரிய ஊழியரைப் பற்றி வந்த முதல் வரைவைச் சொல்கிறேன். ‘கொட்டும் மழையில், எதற்கும் காத்திராமல், உடனே கம்பத்தில் ஏறி சரிசெய்தார்’ என்று இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. மேலே அனுப்பியிருந்தால் அது பாராட்டு இல்லை, மெமோவுக்கு, அதாவது விளக்கம் கேட்டு மேலிடம் அனுப்பும் ஓலைக்கு, ஆதாரம். துணைமின் நிலையத்தில் சொல்லி லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி, வாங்க வேண்டும். கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து, மூன்று பிளேடும் உண்மையிலேயே விலகியிருக்கிறதா என்று கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். கடற்கரையில் துருவேறி ஒரு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்பது நடக்கிற காரியம். பிறகு கம்பியை எர்த் ராடால் தரையோடு இணைத்து, பெல்ட் மாட்டி, அதன்பின்தான் ஏற வேண்டும். நமக்குத் தாமதம் என்று தோன்றும் அந்த நேரம்தான் அவருடைய வேலையின் முக்கியமான பகுதி. வரைவை மாற்றி, ‘லைன் கிளியர் பெற்று, எர்த் செய்த பிறகே ஏறினார், தெருவில் சிலர் அவசரப்படுத்தியும் முறையை விடவில்லை’ என்று எழுதினோம்.

இதையொட்டி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐஸ் கம்பெனி, கடை, வீடு எங்கு ஜெனரேட்டர் இருந்தாலும் வாரிய லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ஓட்டாதீர்கள். உங்கள் ஜெனரேட்டரின் கரண்ட், மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், டிரான்ஸ்பார்மரில் ஏறி, அந்தப் பக்கம் 11 கேவி (11,000 வோல்ட்) ஆகிவிடும். லைன் கிளியர் வாங்கி நிற்பவர் செத்துப்போக அது போதும்.

நம் கரையில் கரண்ட் போவதற்கு முதல் காரணம் உப்பு. மழை இல்லாத மாதங்களில் கடல் காற்று, கம்பியைத் தாங்கும் பீங்கானின் மேல் மெல்லிய உப்புப் படலத்தைப் பூசிவிடும். காய்ந்திருக்கும்வரை தொல்லை இல்லை. விடியற்காலைப் பனி இறங்கியதும் அது நனைந்து கரண்ட் கசியும். ‘சுர்ர்’ என்ற சத்தமும் நீலப் பொறியும் தெரியும், கடைசியில் ஃபீடர், அதாவது ஊருக்கு வரும் மின்தடம், தானே ட்ரிப் ஆகி நின்றுவிடும். வெயில் ஏறியதும் பனி காய்ந்து, ஒன்றுமே நடக்காததுபோல் லைன் நிற்கும். ‘காரணம் இல்லாமல் நிறுத்துகிறார்கள்’ என்ற பேச்சு இதிலிருந்து வருவதுதான். ஒரு நல்ல மழை பெய்தால் பீங்கான் கழுவிப்போய்விடும், பெய்யாத காலத்தில் ஆள் ஏறித் துடைக்க வேண்டும். துடைக்கும்போதே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்து மாற்றுபவரைத்தான் இந்த ஆண்டு கடிதத்தில் சொல்லியிருக்கிறோம். சிமென்ட் போஸ்டில் உள்கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட் பெயர்ந்து நின்றவற்றைச் சுண்ணாம்பால் எண் போட்டுப் பட்டியல் கொடுத்தவரும் அவரே.

வாரிய ஊழியர் அரசு ஊழியர் ஆவாரா என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. ரேஷன் கடை விற்பனையாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பணியாளர். அங்கன்வாடி, சத்துணவுப் பணியாளர்கள் சிறப்புக் காலமுறை ஊதியத்தில் இருப்பவர்கள். ஊராட்சித் தொட்டி இயக்குபவரின் நிலை இன்னும் கீழே. சம்பளப் பட்டியல் எந்தத் தலைப்பில் போகிறது என்று பார்த்தால் நமக்கு அன்றாடம் தேவைப்படும் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். செயற்குழு அப்படிக் கோடு போட்டுப் பிரிக்கவில்லை. மாநில அரசின் வேலையை நம் ஊரில் செய்பவர் எவரும் சேர்த்தி.

அடுத்து நர்சம்மா. கிராம சுகாதார செவிலியர் என்று எழுத வேண்டும். புதன்கிழமை தடுப்பூசி நாளில் அவர் தூக்கி வரும் நீலப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மருந்து 2 டிகிரி முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் தெரியாதது. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஹெபடைடிஸ் பி, டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) மூன்றும் ஒருமுறை உறைந்தால் பயனற்றுப்போகும், பார்த்தவுடன் வித்தியாசம் தெரிந்துவிடாது. அதனால் உறைபெட்டியிலிருந்து எடுத்த நான்கு ஐஸ் பேக்கையும் உடனே பெட்டிக்குள் வைக்கக் கூடாது. வெளியே வைத்திருந்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். பேக்கின் மேல் வியர்வை பூக்கும், அதைத் துடைத்துவிட்டு அடுக்க வேண்டும். பஸ் கிளம்பப்போகிற நேரத்தில் இந்தப் பொறுமைதான் முதலில் கைவிடப்படும்.

குப்பியின் மேல், பட்ட சூட்டைக் காட்டும் குறியாக, வட்டத்துக்குள் ஒரு சதுரம் இருக்கும். உள்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளிறி இருக்கும்வரை பயன்படுத்தலாம், இரண்டும் ஒரே நிறமானால் ஒதுக்கிவிட வேண்டும். தட்டம்மை மருந்தையும் காசநோய்க்கான பிசிஜியையும் கலந்தபின் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நர்சம்மா குப்பியில் எழுதிய நேரத்தைப் பார்த்துவிட்டு, தாமதமாக வந்த ஒரு தாயிடம் ‘இதைப் போட மாட்டேன், புதிதாகத்தான் உடைக்க வேண்டும், சற்று இருங்கள்’ என்று சொன்னதற்காக முகாமில் சத்தம் போட்டார்கள். அந்தச் சத்தத்தையும் காரணத்தையும் அப்படியே கடிதத்தில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கும் நகல் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் அனுப்பினோம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அதுவும் அவருக்கு மரியாதைதான்.

2024 நவம்பர் 20-ஐ யாரும் மறக்கவில்லை. ராமேஸ்வரத்தில் 44 சென்டிமீட்டர், தங்கச்சிமடத்தில் 34, பாம்பனில் 28 என்று ஒரே நாளில் கொட்டியது. அன்று மோட்டார் வைத்து இறைத்தவர்களுக்கு அப்போதே எல்லோரும் நன்றி சொன்னார்கள், போட்டோவும் வந்தது. மறுநாள் பிளீச்சிங் பவுடர் கலக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஏறியவரை யாரும் பார்க்கவில்லை. வயிற்றுப்போக்கு வராததால் யாருக்கும் அவர் நினைவுக்கு வரவில்லை.

பிளீச்சிங் பவுடர் கணக்கு எளிது: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தவறு செய்முறையில்தான் வரும். தூளை அப்படியே தொட்டிக்குள் கொட்டினால் கட்டியாகி அடியில் தங்கும், முதல் தெருவுக்கு நாற்றம், கடைசித் தெருவுக்கு ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரைமணி நேரமாவது விட்டுத்தான் வால்வு திறக்கலாம். கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதனைச் சொட்டு விட்டால் இளமஞ்சள் தெரிய வேண்டும், 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிச்சம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நம் பக்கத்தில் இன்னொரு கேடு: மூட்டையை ஒருமுறை பிரித்தால் உப்புக்காற்றின் ஈரத்தில் வீரியம் இறங்கிவிடும். நம் தொட்டி இயக்குபவர் மூட்டை வந்த அன்றே மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களில் பிரித்து, தேதி எழுதி வைக்கிறார். யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

அவரைப் பற்றி எழுதிய கடிதம் திரும்பி வந்தது. ஊராட்சித் தலைவர் என்று முகவரியிட்டது நம் பிழை. பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, ஊராட்சி தனி அலுவலர் பொறுப்புக்குப் போயிருந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர் முகவரிக்கு மறுபடி அனுப்பினோம். அதற்குள் குடியரசு தினம் போய்விட்டது.

மீன்வளத் துறையினரைப் பற்றி எழுதுவதா என்பதில் செயற்குழுவில் வாக்குவாதம் நடந்ததை மறைக்கவில்லை. கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) இல்லை என்று சொல்பவர் அவர்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் படகுகளை வரிசையாக நிறுத்தி இன்ஜினையும் பதிவெண்ணையும் பார்ப்பவரும் அவர்தான். அவரை எதற்குப் பாராட்ட வேண்டும் என்றார்கள். பதிவேடு சரியாக இருந்ததால் தடைக்கால நிவாரணம் யார் பெயரும் விடுபடாமல் வந்தது என்பதை எடுத்துக்காட்டிய பிறகு, ஒரு கள அலுவலருக்கு மட்டும் எழுதலாம் என்று முடிவாயிற்று. மறுத்தவர்களின் கருத்தும் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இருக்கிறது.

பாம்பன் துறைமுக அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போயிற்று. புயல் கூண்டு பற்றி இன்னும் தவறான எண்ணம் உண்டு. எண் கூடினால் காற்றின் வேகம் அதே அளவில் கூடும் என்று பொருளில்லை. 1, 2 தொலைவிலுள்ள புயலுக்கு. 3, 4 துறைமுகத்துக்கான எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் அபாயமே, புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 கடும் புயலுக்கு அதே முறை. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். பகலில் கூண்டும் இரவில் விளக்கும் மாற்றி ஏற்றும் அந்த இருவர், எச்சரிக்கை நீங்கியதும் இறக்கவும் மறக்கக் கூடாது. இறக்காவிட்டால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

இனி எழுதுபவர்களுக்குச் செயற்குழு வகுத்த நடைமுறை. பெயர், பதவி, அலுவலகம், நாள், நேரம், செய்த வேலை, அதனால் விளைந்தது: எல்லாம் ஒரே பக்கத்தில். நேரடி மேலதிகாரிக்கு அசல், அவருக்கு மேலே உள்ளவருக்கு நகல். இரண்டையும் விரைவுத் தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைச் சங்கக் கோப்பில் வைக்க வேண்டும். சுதந்திர தினத்துக்கு ஜூலை முதல் வாரத்துக்குள், குடியரசு தினத்துக்கு டிசம்பர் முதல் வாரத்துக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். பாராட்டின் அடியில் ‘எங்கள் தெருவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர்’ என்று கோரிக்கை சேர்க்கக் கூடாது. சேர்த்தால் தபால் பிரிவில் அது மனுவாகப் பதிவாகி வேறு மேசைக்குப் போய்விடும். முன்னால் இருந்தவரைக் குறை சொல்லி இப்போதுள்ளவரைப் புகழவும் கூடாது. அனுப்புமுன் வரைவை அந்தத் துறையில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் காட்டுங்கள், எந்த வரி மெமோவாகத் திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியும்.

பெயர்களை இந்த அறிக்கையில் போடவில்லை. அவை கடிதத்தில் இருக்கின்றன, இருக்க வேண்டிய இடம் அதுதான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொன்னாடை, கேடயம் என்ற தலைப்பில் இந்த ஆண்டு செலவு இல்லை, தபால் செலவு கூடியிருக்கிறது. நிர்வாகிகள் மாற்றத்துக்கான படிவம் 7-ஐ மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யும் வேலை நிலுவையில் உள்ளது, இந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின் நகல் கிடைத்ததும் செய்யப்படும். கிராம உதவியாளர், கால்நடை ஆய்வாளர், அரசுப் பேருந்து நடத்துநர் ஆகியோர் குறித்து வரைவுகள் வந்துள்ளன. கால்நடை வரைவில் நாளும் நேரமும் இல்லாததால் எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்