"அக்கா பால் குடுக்கறாங்களா?" என்று கேட்டவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஃப்ளூ காய்ச்சல் விட்டுவிட்டது. எனக்கும் விட்டது, என் கணவருக்கும் விட்டது. பாப்பாவுக்கு மூக்கடைப்போடு போயிற்று, அதற்குமேல் எதுவும் வரவில்லை. இப்போது வயிறு நிறையக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். நடந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் போனிலேயே எங்களோடு விழித்திருந்தீர்கள். அதனால் அந்தக் கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி சொல்லாமல் இன்னொரு நாள் தள்ளிப்போட மனம் வரவில்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நன்றி பெயர் தெரியாத ஒருவருக்கு. முதல் நாள் இரவு மருந்துக்கடையில் வேலையில் இருந்த அந்த இளம்பெண்ணுக்கு.

கடைக்குப் போனது என் தம்பி. சளி, காய்ச்சல், உடம்புவலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்போம். அவரும் ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். எத்தனை வாங்கட்டும் என்று கேட்கத் தம்பி எனக்குப் போன் போட்டான். நான் வாய் திறப்பதற்குள் பாப்பா வீறிட்டு அழுதாள். ஸ்பீக்கரில் அந்த அழுகை கடைக்குள் கேட்டிருக்கிறது. அவர் அட்டைமேல் கையை வைத்துக்கொண்டு, "அக்கா பால் குடுக்கறாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றதும் போனை வாங்கி என்னிடமே பேசினார். குழந்தைக்கு என்ன வயது, காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, வேறு ஏதாவது வியாதியோ ஒவ்வாமையோ உண்டா, இதுவரை என்ன மாத்திரை போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் அவசரமே இல்லை. பேசிக்கொண்டே அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தாராம், தம்பி பிறகு சொன்னான். "இதுல சூடோஎஃபெட்ரின் இருக்குக்கா. மூக்கடைப்பு விடும், ஆனா பால் குறைஞ்சிடும். உங்களுக்கு இது வேணாம்." அட்டை மறுபடி அலமாரிக்குப் போய்விட்டது.

அவர் சொன்னதைப் பிறகு என் மருத்துவரிடம் கேட்டேன். 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு உண்டாம். பால் கொடுக்கும் தாய்மாருக்கு அந்த மருந்தை 60 மில்லிகிராம், ஒரே ஒரு வேளை கொடுத்துப் பார்த்ததில், அந்த ஒரு நாளில் மட்டும் பால் சுமார் 24 சதவீதம் குறைந்திருக்கிறது. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடவும் முடியாமல், தண்ணீரும் இறங்காமல் கிடக்கும் ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அதுவும் அந்த அட்டையில் இருந்த மாத்திரைகளை நாள்தோறும் வேளைக்கு ஒன்றாக நான் போட்டிருப்பேன். பால் வற்றுகிறதே, நோயால்தான் வற்றுகிறது என்று நினைத்துக் கலங்கியும் இருப்பேன்.

அதற்குப் பதிலாக அவர் கொடுத்தது வெறும் பாரசிட்டமாலும், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டும்தான். "இருமல் மருந்து எதுவும் நீங்களா வாங்கிடாதீங்க, கோடீன் இருக்கறது பால் குடுக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது" என்றார். கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபின் என்ற வீரியமான வலிமருந்தாக மாறும், சிலருக்கு அளவுக்கு மிஞ்சி மாறும், அது பாலில் இறங்கினால் குழந்தைக்கு மூச்சே மந்தமாகிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்புறம், "காலையில கண்டிப்பா டாக்டரைப் பாருங்க. ஃப்ளூவா இருந்தா 48 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும்" என்றும் சொன்னார்.

தம்பி வீட்டுக்கு வந்து மருந்துக் கவரை என் கையில் கொடுத்தான். நீலப் பேனாவில் அவர் எழுதியிருந்தது: "பால் கொடுத்து முடித்ததும் 1 மாத்திரை. பால் நிறுத்த வேண்டாம்." கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டு கோடு எனக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக, "உனக்குக் காய்ச்சல் அடிக்குது, குழந்தைக்குப் பால் குடுக்காதே, பால்ல நோய் இறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் பாசத்தில் சொன்னதுதான், யார்மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 102 டிகிரி காய்ச்சலில் வாதாட யாருக்குத் தெம்பு இருக்கும்? நான் எதுவும் பேசவில்லை. கவரை அத்தையிடம் நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "மருந்துக்கடைக்காரங்களே எழுதிக் குடுத்திருக்காங்களா, சரி" என்று சொல்லிக் குழந்தையை என் மடியில் வைத்தார்கள்.

ஃப்ளூ வைரஸ் தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளிலும், கழுவாத கையிலும்தான் பரவுகிறது. அதுவும் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவ ஆரம்பித்துவிடும் என்பதால், எனக்குக் காய்ச்சல் என்று தெரியும்போதே பாப்பா அந்த வைரஸைச் சந்தித்து முடித்திருப்பாள். அதே நேரத்தில் என் உடம்பு அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களைத் தயாரித்துப் பாலில் அனுப்பத் தொடங்கியிருக்கும். அந்த நேரம் பார்த்துப் பாலை நிறுத்தினால், நோயை உள்ளே விட்டுவிட்டுக் காவலாளியை வெளியே அனுப்பிய மாதிரிதான்.

அதனால் பால் நிற்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டோம். பால் கொடுக்கும் நேரம் வந்ததும் புது மாஸ்க். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவல். இருமிய சட்டையை மாற்றிவிட்டுச் சுத்தமான ஒன்று. இருமல் வந்தால் முகத்தைத் தோள் பக்கம் திருப்பிக்கொள்வேன். அக்கா குழந்தையைக் கொண்டு வந்து மடியில் வைப்பாள், குடித்து முடித்த நிமிடமே எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தாலாட்டுவது எல்லாம் அங்கேதான். கொஞ்ச நேரம் கொஞ்சிக்கொண்டு இருக்க ஆசையாக இருக்கும். வெறும் கையோடு திரும்பிப் படுப்பது எளிதாக இல்லை. ஆனால் ஒட்டி இருக்கும் நேரம் குறையக் குறைய அவளுக்கு ஆபத்தும் குறைகிறது என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

அக்கா, உனக்கு நன்றி சொன்னால் திட்டுவாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். என்னால் எழுந்து உட்காரவே முடியாத அன்று நீதான் பம்ப்பைக் கொண்டு வந்தாய். மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. பாலை அப்படியே விட்டால் கட்டிக்கொண்டு வீங்கி, அதற்கே தனியாகக் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலும் உடம்புவலியும் ஃப்ளூ மாதிரியே இருக்கும் என்பதால் எது எதனால் என்றே தெரியாமல் போய்விடும். நீ பாலை எடுத்து, பாட்டிலில் நேரத்தை எழுதி ஒட்டினாய். வெளியில் 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 4 நாள் என்று தாளில் எழுதிக் கதவிலும் ஒட்டினாய். பம்ப்பின் பாகங்களைச் சிங்க்கில் போடாமல் தனித் தொட்டி, தனி பிரஷ் வைத்துக் கழுவி, நாளுக்கு ஒரு தடவை கொதிக்கவும் வைத்தாய். 2 மாதம்கூட ஆகாத குழந்தைக்கு அவ்வளவு கவனம் வேண்டியதுதான். உடம்பு நன்றாக இருக்கும் ஒருவர் கொடுத்தால் பாட்டில் பாலும் தாய்ப்பால்தானே!

காலையில் வரிசையில் காத்திருந்த எங்களை முன்னாலேயே உள்ளே கூப்பிட்ட மருத்துவருக்கு நன்றி. ஃப்ளூ வைரஸை அடக்கும் ஓசெல்டாமிவிர் மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அது பாலில் மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும், தைரியமாகப் பால் கொடு என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். போனில் பாப்பாவின் மூச்சை எண்ணக் கற்றுக்கொடுத்த செவிலியர் அக்காவுக்கும் நன்றி. குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60ஐத் தொட்டாலே உடனே மருத்துவமனை. மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், குடிக்கவே மறுத்தாலும் அப்படித்தான். 3 மாதத்துக்குள் இருந்து, உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் ஆகிவிட்டால் காத்திருக்கவே கூடாது. நனைந்த டயப்பரை எண்ணி வைக்கச் சொன்னதும் அவர்தான். நாளுக்கு 6 நனைந்தால் போதிய பால் போகிறது என்று அர்த்தம். எண்ணிக்கை சரியாக இருந்த ஒவ்வொரு நாளும் எனக்கு உயிர் வந்தது.

மூக்கடைப்பால் பாப்பா மார்பை வாயில் வைப்பதும், மூச்சு முட்டி விட்டுவிட்டு அழுவதுமாக இருந்தபோது தோழி ஒருத்தி அனுப்பிய யோசனை கைகொடுத்தது. சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். பால் கொடுப்பதற்குச் சற்று முன் உப்புநீர்ச் சொட்டு விட்டு, மெதுவாகச் சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தால் குடிக்கிறாள். ஒரே தடவையில் குடிக்கவில்லையா, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. அப்படி அடிக்கடி குடித்ததாலேயே நோயில் குறைந்திருந்த பாலும் தானாக ஊறி வந்துவிட்டது.

வராமல் இருந்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்க ஆசையோடு கிளம்பியவர்கள், தொண்டை கரகரக்கிறது என்று பாதி வழியில் திரும்பிப் போனீர்கள். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு மணியடித்துவிட்டுப் போனீர்கள். கர்ப்பமாக இருந்தபோது விடாமல் நினைவூட்டி எனக்கு ஃப்ளூ தடுப்பூசி போட வைத்த சித்திக்குத் தனியாக ஒரு நன்றி. ஊசி போட்டும் வந்துவிட்டதே என்று சிலர் கேட்டீர்கள். வரலாம்தான், ஆனால் வந்தாலும் கடுமை குறைகிறது. கர்ப்பத்தில் போட்டால் அந்த எதிர்ப்பாற்றல் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போய்ச் சேருகிறது. 6 மாதம் ஆகும்வரை பாப்பாவுக்கு அந்த ஊசி போட முடியாது என்பதால், அவளைத் தூக்குகிற நாம் எல்லோரும் போட்டுக்கொள்வதுதான் அவளுக்கு அரண். பால் கொடுக்கும் அம்மாவும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். நமக்குத் தெரிந்த வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு தாய் காய்ச்சலில் படுத்தாள் என்று கேள்விப்பட்டால், "பால் குடுக்கறியா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஆமாம் என்றால் அவள் வாங்கி வைத்திருக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் படிப்பேன், புரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேட்டுச் சொல்வேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், குடிக்கும் நேரத்துக்குத் திரும்பக் கொண்டு வந்து கொடுப்பேன். பாட்டில் கழுவுவேன். பாலை நிறுத்து என்று மட்டும் என் வாயால் சொல்ல மாட்டேன்.

மருந்துக்கடைத் தங்கையே, நடக்கத் தெம்பு வந்ததும் பாப்பாவின் அப்பாவோடு அங்கே வந்து நேரிலும் சொல்கிறேன். அந்த மருந்துக் கவரை நான் தூக்கிப் போடவில்லை.

மற்றவர்கள் இனிமேல் பாப்பாவைப் பார்க்க வரலாம். சளி, இருமல் இல்லாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். கை கழுவ வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்திருக்கிறோம். கழுவிவிட்டுத் தூக்குங்கள், ஆசை தீரக் கொஞ்சுங்கள், முத்தம் மட்டும் காலில் கொடுங்கள்.