பேக்கமன் செயலியில் டபுளிங் க்யூப் விதிப்படி இயங்காதது: சந்தாவைத் திருப்பித் தரக் கோரிக்கை

பெறுநர்
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

ஐயா / அம்மா,

வணக்கம். பகடை உருட்டிக் காய் நகர்த்தி இருவர் ஆடும் பேக்கமனுக்கான உங்கள் செயலியின் இலவசப் பதிப்பில் டபுளிங் க்யூப் (ஆட்டத்தின் புள்ளி மதிப்பை இரட்டிப்பாக்கப் பயன்படும் கட்டை) கிடையாது. அது வேண்டும் என்றுதான் ஆண்டுச் சந்தா கட்டினேன். பணம் வாங்கிக்கொண்டு நீங்கள் கொடுத்திருப்பது விதி தெரியாத க்யூப்.

கடந்த ஞாயிறு 7 புள்ளி மேட்ச் ஒன்று, அதாவது பல ஆட்டங்களில் முதலில் 7 புள்ளி சேர்ப்பவர் வெல்லும் போட்டி, ஆடினேன். நான் 6, எதிராளி 3. ஒருவர் வெற்றிக்கு ஒரு புள்ளி தூரத்துக்கு வந்துவிட்டால், அடுத்து வரும் ஒரே ஒரு ஆட்டத்தில் யாரும் டபுள் சொல்லக் கூடாது (டபுள் என்றால் ஆட்டத்தின் மதிப்பை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்பது; எதிராளி ஏற்கலாம், அல்லது மறுத்து ஆட்டத்தை விட்டுக்கொடுக்கலாம்). இதுதான் கிராஃபர்ட் விதி. பின்தங்கியவருக்கு அந்த ஆட்டம் போனால் மேட்சே போச்சு. 1 புள்ளியில் தோற்றால் என்ன, 2 புள்ளியில் தோற்றால் என்ன? இழக்க எதுவும் இல்லாததால் முதல் வாய்ப்பிலேயே டபுள் சொல்லிவிடுவார். அதைத் தடுத்து, முன்னால் இருப்பவருக்கு ஒரு ஆட்டமாவது பாதுகாப்பு கொடுக்கத்தான் இந்த விதி.

மேட்ச் அமைப்பில் ‘கிராஃபர்ட் விதி: உண்டு’ என்றே இருந்தது. ஆனாலும் செயலி அவரை டபுள் சொல்ல விட்டது. மறுத்தால் ஒரு புள்ளியைச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டும் என்பதால் ஏற்றேன். நான் ஒரு காயைக்கூட வெளியேற்றுவதற்குள் அவர் எல்லாக் காய்களையும் எடுத்துவிட்டார். இப்படி ஜெயிப்பதற்குப் பெயர் கேமன். கேமனுக்கு இரண்டு மடங்கு, க்யூப் 2, ஆக 4 புள்ளி. 7-6 என மேட்ச் முடிந்தது. விதிப்படி அதே கேமனுக்கு 2 புள்ளிதான்; நான் 6-5 என்று முன்னிலையில் இருந்திருப்பேன்.

இதை எழுதிக் கேட்டதற்கு உங்கள் உதவி மையத்தின் பதில்: “க்யூப் பிடிக்கவில்லை என்றால் அமைப்பில் அணைத்துவிடலாம்.” எதற்காகச் சந்தா கட்டினேனோ அதையே அணைக்கவா?

சந்தாதாரர்களுக்கான பாடமும் சரியில்லை. வெல்லும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தால்தான் டபுளை ஏற்க வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமனையும், டபுளை ஏற்றவர் பிறகு திருப்பிச் சொல்லும் மறு டபுளையும் விட்டுவிடுவோம். 1-ல் இருக்கும் க்யூபை 2 ஆக்கும் டபுள் நான்கு ஆட்டங்களில் வருகிறது என்று வையுங்கள். நான்கு முறையும் மறுத்தால் 4 புள்ளி நஷ்டம். நான்கையும் ஏற்று மூன்றில் தோற்றால் 6 போகும், ஒன்றில் ஜெயித்தால் 2 வரும். அப்போதும் நஷ்டம் 4தான். ஆக, மேட்சாக இல்லாமல் புள்ளிக்கு இவ்வளவு என்று ஆடும் காசு ஆட்டத்தில், டபுளை ஏற்பதற்கான எல்லைக்கோடு 25 சதவீத வெற்றி வாய்ப்பு. மேட்சில் ஸ்கோரைப் பொறுத்து இது மாறும், அது வேறு விஷயம். உங்கள் பாடத்தை நம்பி ஆடுபவர், நியாயமாக ஏற்க வேண்டிய டபுள்களை எல்லாம் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார்.

ஆகவே சந்தாத் தொகையை முழுதாகத் திருப்பித் தரவும். அந்த மேட்சால் குறைந்த என் ரேட்டிங்கையும் பழையபடி ஆக்கவும். ஆட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்களையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்வேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்