எத்தனை கிலோ என்பதோடு எந்த உரம் என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உர விரயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, அளவோடு போடச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுரை முழுக்க 'எக்டேருக்கு இத்தனை கிலோ' என்ற பேச்சுதான். அந்தக் கிலோ யூரியாவாகப் போகிறதா, அம்மோனியம் சல்பேட்டாகவா, நைட்ரேட் உரமாகவா என்று ஒரு வரி கூட இல்லை.

யூரியாவையே எடுத்துக்கொள்வோம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து. ஏற்றி இறக்கும் செலவு குறைவு என்பதால் எங்கு பார்த்தாலும் அதுதான். அதை ஈர மண்ணின் மேல் தூவிவிட்டு வந்தால், குருணை கரைந்ததும் மண்ணிலும் பழைய பயிரின் தட்டைகளிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்கத் தொடங்கும். குருணையைச் சுற்றியுள்ள மண்ணில் மட்டும் காரம் சட்டென்று ஏறும். காரம் ஏறினால் அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். சில நாள்களில் எல்லாம் முடிந்துவிடும். போனதை ஈடுகட்ட இன்னொரு மூட்டை! ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் காலநிலைக் குழு 2019-இல் திருத்திய கணக்கீட்டு முறையில், இப்படி வாயுவாகப் போகும் பங்கு யூரியாவுக்கு 15 சதவீதம், அம்மோனியம் உரங்களுக்கு 8, நைட்ரேட் உரங்களுக்கு வெறும் 1.

சரி, எல்லாரும் நைட்ரேட்டுக்கு மாறிவிடலாமா? கூடவே கூடாது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் நைட்ரேட் போடுவது வீண். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகவும் ஆக்கிவிடும்; ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கிவிடும். அங்கே யூரியாவோ அம்மோனியம் சல்பேட்டோதான் பொருந்தும், அதையும் சேற்றுக்குள் புதைத்தால் இன்னும் நல்லது. அம்மோனியம் சல்பேட்டுக்கும் வேறு தொல்லை உண்டு: சுண்ணாம்பு மண்ணில் அதுவும் அம்மோனியாவை இழக்கும், அமில நிலத்தில் தொடர்ந்து போட்டால் அமிலத்தை இன்னும் கூட்டும்.

நைட்ரஸ் ஆக்சைடைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போனதுதான் எனக்குப் பெரிய குறை. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பமூட்டும். போட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு அப்படிப் போகிறது என்பது வழக்கமான மதிப்பீடு. விளைச்சலில் அந்த ஒரு பங்கு தெரியவே தெரியாது. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்புறம், யூரியேஸ் தடுப்பான் சேர்த்த யூரியாவை எல்லா நோய்க்கும் மருந்து போலப் பேசுகிறார்கள். அது அம்மோனியா இழப்பைத்தான் குறைக்கும். மண்ணில் உள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறும்போது கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடுக்கு, அந்த மாற்றத்தையே தாமதப்படுத்தும் வேறொரு தடுப்பான் வேண்டும். அதை மட்டும் சேர்த்தாலோ, அம்மோனியம் மண்ணில் நெடுநாள் தங்கி, அம்மோனியா இழப்பு கூடவும் செய்யலாம். இந்த விலையுயர்ந்த சமாசாரங்களுக்கு முன்னால், புன்செய்ப் பயிருக்கு யூரியா தூவிய கையோடு தண்ணீர் பாய்ச்சி அதை மண்ணுக்குள் இறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை உரப் பரிந்துரை அட்டவணை போடும்போது, கிலோவுக்குப் பக்கத்தில் உரத்தின் பெயரையும், அது நீர் நிற்கும் நிலத்துக்கா இல்லையா என்பதையும், மண்ணின் கார அமில நிலையையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்