பதிலடி வரிக்கும் முடிவுத் தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரு நாடுகளுக்குள் வரிச் சண்டை மூளும்போதெல்லாம் 'அந்த நாட்டின் மீது இத்தனை சதவீதம்' என்று தலைப்பு வருகிறது. இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கிளியரிங் ஏஜென்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைச் சுங்கத்தில் கட்டுவது வெளிநாட்டு அரசு இல்லை, சரக்கை வரவழைத்த உள்நாட்டு இறக்குமதியாளர்தான். அப்புறம் அவர் அதை விலையில் ஏற்றுவார், அல்லது அனுப்பியவரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. பேரத்துக்காகப் போட்ட பதிலடி வரி, பேரம் மறந்துபோன பிறகும் நிற்கிறது. 1962-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை (மேற்கு ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பு), அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தியது. மேற்கு ஜெர்மனிச் சந்தையை இழந்த அமெரிக்கா பதிலடியில் இறங்கியது. அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் கையெழுத்திட்டார். உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் என்ற ஸ்டார்ச் பசைப்பொருள், பிராந்தி, சிறு டிரக் நான்குக்கும் வரி. மற்ற மூன்றிலும் பிற்பாடு விலக்கிக்கொண்டார்கள். டிரக்கின் 25 சதவீதம் மட்டும் பல பத்தாண்டுகள் அப்படியே நின்றது.

குறி வைத்தது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டிகளை. ஆனால் வரி எல்லா நாட்டு டிரக்குக்கும் பொது. கோழிச் சண்டையில் தென்கொரியாவுக்கு என்ன பங்கு? அமெரிக்காவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டும், 2018 மறுபேச்சில் கொரிய டிரக்குகளுக்கான விலக்கு 2041 வரை தள்ளிப்போனது. அமெரிக்கக் கம்பெனியான ஃபோர்டே துருக்கியிலிருந்து வேன்களை, டிரக் வரியைத் தவிர்க்கப் பின்சீட்டோடு பயணிகள் வண்டியாக இறக்கி, பிறகு சீட்டைக் கழற்றிச் சரக்கு வேனாக விற்றது. இது வரி ஏய்ப்பு என்ற அமெரிக்க அரசின் புகாரைத் தீர்க்க 2024-இல் 36.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட வேலைகளுக்கெல்லாம் வழி திறந்துவிடுவது பழைய வரிதான்.

வரி நின்றுவிட்டால் அதன் நிழலில் ஒரு தொழில் வளர்ந்துவிடுகிறது. எடுக்கப் போனால் அந்தத் தொழிலின் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து எதிர்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது. அதனால்தான் முடிவை ஆரம்பத்திலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. வெளிநாட்டுக்காரர் சொந்த நாட்டு விலைக்கும் கீழே சரக்கைக் கொண்டுவந்து கொட்டும்போது போடும் பொருள்குவிப்புத் தடுப்பு வரிக்கு உலக வர்த்தக அமைப்பின் விதியில் ஐந்தாண்டுக் கெடு உண்டு. மறுஆய்வு செய்து, தேவை என்று காட்டினால்தான் நீட்டிக்கலாம். பதிலடி வரிக்கும் அதே கெடுவை அறிவிக்கையிலேயே எழுதச் சொல்லி உங்கள் நாளிதழ் தலையங்கம் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளியரிங் ஏஜென்ட் ஒருவர்