சேதுவுக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில்

அன்புள்ள சேது,

திட்டாதே. தீபாவளிக்கு நீ எழுதியதற்குப் பொங்கல் கழிந்துதான் பதில். ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். எல்லோரும் சுகம், எனக்கு முட்டிவலி அப்படியே. சென்னை வியாசர்பாடியில் நீ தின்கிற நூடுல்ஸுக்கு, இங்கே பர்மாவில் நாங்கள் தின்கிற அத்தோவின் பேரைச் சொல்லக் கூடாதாம், உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

விஷயம் இதுதான்: மறுபடி சீட்டாட ஆரம்பித்துவிட்டேன். காசு வைத்து இல்லை, பக்கிரி அண்ணன் மேல் சத்தியம்! பெரிய பேரன் விட்டுப்போன போக்கிமான் கார்டுகள், கார்ட்டூன் மிருகங்கள் படம் போட்டு ஒன்றோடொன்று சண்டை விடுகிற சீட்டு. சின்னவனுக்குச் சேர்ந்து ஆட ஆள் இல்லை, நான் மாட்டினேன்.

பொம்மைச் சீட்டு என்று முதலில் சிரித்தேன். ஆனால் ரம்மியில் இரண்டு பேரும் ஒரே கட்டிலிருந்து எடுப்போம் அல்லவா, இதில் அவனவன் கட்டை அவனவனே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். சரியாக 60 கார்டு. ஒரே பெயரில் நாலுக்கு மேல் கூடாது, மிருகம் அடிக்கச் சக்தி கொடுக்கிற அடிப்படை எனர்ஜி கார்டுக்கு மட்டும் கணக்கில்லை. நான் பேராசையில் பெரிய மிருகங்களாக அடுக்கினேன். அதெல்லாம் நேராக இறங்காதாம், குட்டியை இறக்கிவிட்டு அடுத்தடுத்த முறையில்தான் வளர்க்க வேண்டும். முதலில் எடுக்கிற ஏழில் ஒரு குட்டிகூட இல்லை என்றால் கையைக் காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும், அதற்கு எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் மூன்று தடவை கலைத்தேன், பயல் விழுந்து விழுந்து சிரித்தான்.

முன்னால் ஒன்று நின்று அடிக்கும், பின்னால் பென்ச்சில் ஐந்து வரை காத்திருக்கும். ஒரு முறைக்குக் கையிலிருந்து ஒரே ஒரு எனர்ஜிதான் போடலாம். அடி வாங்குகிறவனுக்குப் போடுவதா, பின்னால் இருப்பவனுக்குச் சேர்ப்பதா? இதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது. ஆளுக்கு ஆறு பிரைஸ் கார்டு கவிழ்த்து வைத்திருப்போம், எதிராளியுடையதை வீழ்த்த வீழ்த்த நம்முடையதை எடுக்கலாம், ஆறையும் எடுத்தவன் ஜெயித்தான். நமக்கு வேண்டியது அந்த ஆறுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கும், என் ராசி அப்படி. கட்டு தீர்ந்துபோய் தன் முறையில் எடுக்கக் கார்டு இல்லாவிட்டாலும் தோல்வி. எடுத்து எடுத்தே ஒரு தடவை தோற்றேன்.

பெரியவனைப் பற்றி நீ கேட்டிருந்தாய். 2024 பிப்ரவரியில் இங்கே பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்ததே, ஆண்களுக்கு 18 முதல் 35 வரை என்று. அவனுக்குப் பதினெட்டு முடிந்த வாரமே பாங்காக் அனுப்பிவிட்டோம். இதற்கு மேல் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறான், அம்மாவைக் கேட்கிறானோ இல்லையோ, என் சரிசார்டு கார்டு பத்திரமா என்று கேட்டுவிடுகிறான். அவன் கட்டை ரப்பர் பாண்டு போட்டு அப்படியே வைத்திருக்கிறான் சின்னவன், தொட்டால் கத்துவான். மிச்சம் மீதிதான் எனக்கு.

அப்புறம், பர்மா பஜார் பக்கம் போனால் கார்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறை கிடைக்குமா பார். நேற்று கரண்ட் போன நேரத்தில், சின்னவன் தூங்கிய பிறகு, ஆசைப்பட்டு அந்த ரப்பர் பாண்டைக் கழற்றிவிட்டேன். சரிசார்டு மேல் மெழுகு சொட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் இன்னும் சொல்லவில்லை.

உன்,
காசி