மானுக்கு ஒன்பது நாள்

விஸ்கான்சின், அமெரிக்கா
4.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன தடவை கொடுத்தனுப்பிய தைலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டாமல் தேய்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்களே, "அங்கே மானைச் சுடறதுக்கு கவர்மென்ட்டே சீட்டுக் கொடுக்குதாமே, நிஜமா?" என்று. நான் பதில் சொன்னது உங்கள் காதில் விழவில்லை. மூன்று தடவை "என்ன, என்ன" என்றுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டீர்கள். அம்மா உடனே ஏலக்காய் விலைக்குப் போய்விட்டாள். முப்பது வருஷம் தேக்கடிக் காட்டில் வாச்சராக இருந்த மனுஷனுக்கு இதைப் பாதியில் விடக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நிஜம்தான் அப்பா. சீட்டுக் கொடுக்கிறார்கள், சுடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஆனால் நாள் கணக்கு உண்டு. மான் விஷயம் அந்தந்த மாநிலத்தின் கையில். இந்த மாநிலத்தில் துப்பாக்கிக்கென்று இருக்கிற பெரிய சீசன் ஒன்பதே நாள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கி, பண்டிகை முடிந்து வரும் ஞாயிறோடு சரி. இந்த வருஷம் நவம்பர் 22 முதல் 30 வரை. வில், அம்புக்குத் தனி சீசன். அது மாதக்கணக்கில் ஓடும்.

நம் குமுளியில் கார்த்திகை பிறந்தால் ஊர் எப்படி ஆகிவிடும்? ரோடு முழுக்கக் கறுப்பு வேட்டி, வண்டிக்கு வண்டி சரணம், சிப்ஸ் கடையில் நிற்க இடமிருக்காது. இங்கேயும் அதே மாதம், அதே கூட்டம். பெட்ரோல் பங்கில், காபிக் கடையில், சர்ச் வாசலில் எங்கே பார்த்தாலும் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுச் சட்டை. இடுப்புக்கு மேலே போடுகிற துணியில் பாதியாவது அந்த நிறம் இருக்க வேண்டும், தொப்பி வைத்தால் அதிலும் பாதி என்று சட்டம். 2016இலிருந்து அதே மாதிரி ஒளிர்கிற பிங்க் நிறமும் போடலாம். ஒருத்தரை ஒருத்தர் மான் என்று நினைத்துச் சுட்டுக்கொள்ளக் கூடாதே! மானுக்கு அந்த ஆரஞ்சு நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தெரியாதாம். வேட்டைக்குப் போகிறவன் ஊருக்கே தெரிகிற மாதிரி உடுத்திக்கொண்டு போவதை முதல் வருஷம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் துரத்திய ஆட்கள் எல்லாம் கறுப்புச் சட்டையும் கரி பூசிய முகமும்தானே.

சீசன் தொடங்கிய அன்று எனக்கு முதியோர் இல்லத்தில் நைட் ஷிஃப்ட். அங்கே எண்பத்தொன்பது வயதில் ஒரு தாத்தா இருக்கிறார். பால் பண்ணை வைத்திருந்தவர், இப்போது சக்கர நாற்காலி. விடிவதற்கு முன்பே பெல் அடித்துக் கூப்பிட்டார். மருந்து வேண்டுமோ என்று ஓடினேன். "ஜன்னலைக் கொஞ்சம் திற" என்றார். வெளியே உறைகிற குளிர். தோளில் இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு நாலு விரல் அளவுக்குத் திறந்தேன். கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் உதிக்க அரை மணி இருக்கும்போதுதான் சுடத் தொடங்கலாம். அதற்கு ஊர் வாரியாக நேர அட்டவணை போடுகிறார்கள். ஆறரை ஆனது. தூரத்தில் பலகையைக் கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம். தாத்தா ஒரு விரலை உயர்த்தினார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, பக்கத்திலேயே. இரண்டாவது விரல். ஏழு வரை எண்ணிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குவார்ட்டர்ஸில் இருந்தபோது ராத்திரி ஒரு வெடிச் சத்தம் கேட்டால் விளக்கைப் போடாமல் எழுந்து வாசற்படியில் நிற்பீர்கள். எந்தத் திக்கிலிருந்து வந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டு, அடுத்த வெடிக்காக. அம்மா ஒன்றும் பேசாமல் டார்ச்சையும் பீடிக்கட்டையும் எடுத்துக் கொடுப்பாள். உங்கள் செருப்புச் சத்தம் திரும்பி வரும் வரைக்கும் நானும் தங்கச்சியும் தூங்குகிற மாதிரி படுத்திருப்போம். அந்தத் தாத்தாவுக்கு இதை எப்படிச் சொல்வது? "குளிருகிறதா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஜன்னலை மூடிவிட்டேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன்; உங்களுக்கு அதுதானே வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பெண் மானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகப் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கேட்டால், பதிவு செய்கிறாராம். சுட்ட மானை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கணக்கில் சேர்த்துவிட வேண்டும்: ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்றைக்கு என்று. "செய்யாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?" என்றேன். "என் மச்சானுக்குத் தெரியுமே, அவனுக்குக் கிடைக்கவில்லை" என்று சிரித்தார்.

பெண் மான் எத்தனை சுடலாம் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்த ஒரு குழு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. பயிர்ச் சேதம், வண்டியில் மோதிய மான், காட்டில் மரக்கன்றுகளை மேய்ந்துவிடுவது எல்லாவற்றையும் பேசி அரசுக்கு எண்ணைச் சொல்கிறது. முழு வெள்ளை மானைத் தொடவே கூடாது. காட்டு மான் கறியைக் காசுக்கு விற்கக் கூடாது, சும்மா கொடுக்கலாம். இன்னொன்று, 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வகுப்பில் படித்துத் தேறினால்தான் லைசென்ஸ். அதைக் கேட்டதும் எனக்கு நீங்கள்தான் ஞாபகம் வந்தீர்கள். நம் வனவிலங்குச் சட்டம் 1972 அல்லவா? ரேஞ்சர் சொல்லிக்கொடுத்ததை எங்களிடம் பாடமாக ஒப்பிப்பீர்களே.

பறவைக் கணக்கு இதைவிடக் கூத்து. வாத்து, புறா மாதிரி நாடு தாண்டிப் பறக்கிற பறவைகளுக்கு மட்டும் மத்திய அரசின் சட்டம், 1918இல் போட்டது. வாத்து சுடுகிறவன் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் நிற்காதபடி அடைப்பு வைக்க வேண்டும். 1991இலிருந்து வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது. தண்ணீருக்கடியில் விழுந்த ஈயத்தை இரையென்று விழுங்கி வாத்துகள் செத்ததுதான் காரணம். பதினாறு வயது நிரம்பியவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு 25 டாலருக்கு ஒரு வாத்து ஸ்டாம்பு வாங்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் சதுப்பு நிலங்களை வாங்கிப் பறவைகளுக்கு விடுகிறார்கள். மாநிலத்தின் சமாதானச் சின்னம் என்று ஒரு புறாவை 1971இல் அறிவித்தார்கள். 2003இலிருந்து அதே புறாவைச் சுடவும் சீசன் விட்டிருக்கிறார்கள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

வான்கோழிக் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1880கள் வாக்கிலேயே இந்த மாநிலத்தில் காட்டு வான்கோழி சுத்தமாக அற்றுப்போயிற்று. 1976இல் மிசௌரி மாநிலத்துக்கு இங்கிருந்து காட்டுக்கோழி மாதிரி ஒரு பறவையைக் கொடுத்து, பண்டமாற்றாக அங்கிருந்து வான்கோழிகளை வாங்கிவந்து விட்டார்கள். இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பன்னிரண்டு, பதினைந்தாக மேய்கின்றன. வசந்த காலத்தில் நெஞ்சில் தாடி மாதிரி தொங்குகிறதை மட்டும் சுடலாம். அதற்கும் குலுக்கல் முறையில் வாரம் ஒதுக்குகிறார்கள்.

பெசன்ட் என்று நீண்ட வால் கோழி ஒன்று உண்டு, சீனாவிலிருந்து கொண்டுவந்தது. அதை அரசே பண்ணையில் பொரிக்க வைத்து வளர்த்து, சீசன் சமயத்தில் பொது வேட்டை நிலங்களில் திறந்துவிடுகிறது. ஆட்கள் போய்ச் சுடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் சேவலை மட்டும்தான் சுடலாம். இது மட்டும் எனக்கு ஒப்பவேயில்லை. கம்பத்துச் சந்தையில் கூண்டைத் திறந்துவிட்டுப் பிராய்லர் கோழியைத் துரத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மற்றபடி இவர்களுக்கு இந்தக் கணக்குப் புத்தி சும்மா வரவில்லை. இங்கே ஒரு காலத்தில் வானத்தை மறைக்கிற மாதிரி கூட்டம் கூட்டமாகப் பறந்த புறா இனம் ஒன்று இருந்ததாம். பீப்பாய் பீப்பாயாக அடைத்து ரயிலில் ஏற்றி நகரத்துச் சந்தையில் விற்றே தீர்த்துவிட்டார்கள். இந்த மாநிலத்தில் கடைசிப் புறாவை 1899 செப்டம்பரில் பாப்காக் என்ற ஊரில் சுட்டதாக ஒரு நினைவுக் கல்லே வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே கடைசியாக மிஞ்சிய ஒன்று 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது. கறி விற்கக்கூடாது என்பதில் இவர்கள் இத்தனை கறாராக இருப்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் புரிந்தது. 1937இலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுகிற தனி வரியும் காட்டு விலங்குகளுக்கே போகிறது. வாங்குகிறவனே காட்டுக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரி. "திருடன் கையில் சாவியா?" என்பீர்கள். கம்பம் பக்கத்திலிருந்து வந்து லவங்கப்பட்டை மாதிரியான வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துக்கொண்டிருந்த ஆட்களை 1990களின் கடைசியில் கூப்பிட்டு, டூரிஸ்ட்டுகளுக்கு வழிகாட்டவும் காட்டுக்குக் காவல் இருக்கவும் வைத்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். அப்புறம் அவர்களோடுதான் ஒரே டென்டில் கஞ்சி குடித்தீர்கள்.

உங்களோடு வேலை பார்த்த மன்னான், பளியர் பழங்குடி ஆட்களைப் பற்றியும் யோசித்தேன். இங்கே ஒஜிப்வே என்கிற பூர்வகுடிகள், 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது வேட்டை உரிமையை விடவில்லை. அது செல்லும் என்று 1983இல் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர்களுக்குத் தனி சீசன், தனி விதி. நம் ஊரில் 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தில் தேன், கிழங்கு எல்லாம் உண்டு, வேட்டை மட்டும் கிடையாது.

தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கிற மாமாவின் கூடலூர்த் தோட்டத்தில் பன்றி மறுபடி கப்பக்கிழங்கைத் தோண்டிப் போட்டதாக அம்மா சொன்னாள். மாமா கேரளாவைக் காட்டிக் கோபப்படுகிறாராம். அங்கே 2022இலிருந்து பஞ்சாயத்துத் தலைவரே பயிரை அழிக்கிற பன்றியைச் சுட உத்தரவு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் இந்த ஜனவரியில் சொன்னது வேறு: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று கிலோமீட்டர் வரைக்கும் பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதைத் தாண்டினால் வனத்துறை சுடும். மாமா தோட்டம் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும். பன்றி என்னவோ செக்போஸ்ட்டில் நிற்காமல் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

கடைசியாக ஒன்று. இதைப் போனில் சொல்லத் தைரியமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த மான் கறியில் இரண்டு கிலோ கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, மேலே தேதியும் மாவட்டமும் எழுதியிருந்தது. இந்தப் பக்கத்து மான்களுக்கு மூளையைத் தின்கிற ஒரு நோய் 2002இலிருந்து இருக்கிறது. மனுஷனுக்குத் தொற்றியதாக இல்லை, ஆனாலும் நோய் கண்ட மானைத் தின்னாதீர்கள் என்கிறார்கள். அதனால் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார், முடிவு வந்ததும் சொல்கிறேன், அதுவரை ஃப்ரீசரில் வை என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிப்போயிருக்கும்.

நான் நாலாவது படிக்கும்போது உங்கள் சிநேகிதர் ஒருத்தர் ராத்திரி தேக்கிலைப் பொட்டலம் கொண்டுவந்தாரே, நினைவிருக்கிறதா? அம்மா பிரிப்பதற்குள் மிளா மான் கறி என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தீர்கள். அப்புறம் அந்த மனுஷன் நம் வீட்டுப் படி ஏறவேயில்லை. அன்றைக்கு எங்களுக்குப் பழைய சோறும் மாங்காயும்தான்.

உங்கள் மாப்பிள்ளை மிளகு வறுத்துப் போட்டு வைக்கலாம் என்கிறார். சின்னவன் தினமும் ஃப்ரீசரைத் திறந்து பார்க்கிறான். எனக்குக் கை வரவில்லை. முடிவு வர இன்னும் ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் இந்தக் கடிதம் வந்து சேராது என்று தெரியும், அதனால் தங்கச்சியிடம் போட்டோ எடுத்தும் அனுப்புகிறேன். அவளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் நீங்களே பேசுங்கள், அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடாதீர்கள். காது மெஷினை மாட்டிக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் அன்பு மகள்